இல்லிக்குடமும் தொண்ணூறு மதிப்பெண்ணும்

மறதி வளைகோட்டை முதலில் வரைந்தவர் யார்? அ) பாவ்லவ் ஆ) எபிங்ஹாஸ் இ) ஸ்கின்னர் ஈ) தார்ண்டைக். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான (டெட்) கைடுகளில் 'குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்' பகுதியைப் புரட்டினால் இந்த மாதிரி ஒரு மதிப்பெண் கேள்விகள் வரிசையாக வரும். படிக்கிறவர்கள் அதைச் சுருக்கமாக 'சைக்காலஜி' என்பார்கள். 'ஆ' என்ற விடைமீது மஞ்சள் மையைத் தீட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். எபிங்ஹாஸ் என்ற பெயரும் அந்த வளைகோடு சொல்கிற வேகத்திலேயே மறந்து போகும். மனித மூளை எப்படிக் கற்கிறது என்பதற்கு 30 மதிப்பெண் ஒதுக்கியிருக்கும் ஒரு தேர்வுக்கு, அந்த 30 மதிப்பெண் பாடம் கூடாது என்று சொல்லும் முறையிலேயே பெரும்பாலானோர் படிக்கிறார்கள்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரிடம் ஆய்வுக்கூடம் கிடையாது, மாணவர்களும் கிடையாது. சோதனைக்கு ஆள் வேண்டும் என்றபோது தன்னையே உட்கார வைத்துக்கொண்டார். பொருளே இல்லாத அசைகள் சுமார் 2,300 தயாரித்தார். ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் பழைய நினைவு உதவிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஒரு பட்டியலைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும்வரை படிப்பார். சில நேரம் கழித்து அதே பட்டியலை மறுபடி படித்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்து 21. இதையெல்லாம் 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். 130 ஆண்டுகள் கழித்து, 2015-இல், ஆம்ஸ்டர்டமில் இரண்டு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுந்தது.

அந்த எண்களை உற்றுப் பார்த்தால் இரண்டு செய்தி கிடைக்கும். மறதியின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்பது ஒன்று. அதன்பின் மறதி நிதானமாகிவிடுகிறது, ஒரு மாதம் ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கடைமாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைக் குடம். எபிங்ஹாஸ் காட்டியது என்னவென்றால், குடம் எல்லாருடையதும் இல்லிக்குடம்தான். முதல் மாணாக்கனுடையதும் ஒழுகத்தான் செய்யும். வேறுபாடு, ஒழுகுவது தெரிந்து எப்போது திரும்ப ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இந்தப் பேச்சுக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. இந்திரா காந்தி சிலையிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில் மூலக்குளம்வரை, வீட்டுக்கு ஒரு பி.எட். அல்லது டி.டி.எட். படித்தவர் இருப்பார் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்குப் போனபிறகு பழைய சான்றிதழைத் தூசி தட்டுகிறவர்கள், மாலையில் டியூஷன் எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பைரல் பைண்டிங் போட்ட மெட்டீரியலைத் திறக்கிறவர்கள். சிலர் சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் எழுதுகிறார்கள், சிலர் தமிழ்நாட்டு டெட் எழுதுகிறார்கள், இரண்டையும் எழுதுகிறவர்களும் உண்டு.

தேர்வெழுதி ஆசிரியராவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் கல்வே கல்லூரியில் தமிழ் படித்துத் தேறிய கனக சுப்புரத்தினம், 1909-இல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியரானார். பாரதிதாசன் என்று நாம் அறியும் அவர் 37 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்து 1946-இல் ஓய்வு பெற்றார்.

இன்றைய தேர்வின் வேர் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் எட்டாம் வகுப்புவரை கற்பிக்க டெட் தேர்ச்சி கட்டாயம் என்று அறிவித்தது. முதல் சி-டெட் 2011 ஜூனில் நடந்தது. அதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள் இது நமக்கில்லை என்றுதான் நிம்மதியாக இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நிம்மதியைக் கலைத்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் எழுதியாக வேண்டும் என்றது தீர்ப்பு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கேள்வித்தாள் தயாரித்தவர்கள் இப்போது கேள்வித்தாளின் எதிர்ப்பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாஹே கேரளத்துடையதை, ஏனாம் ஆந்திரத்துடையதை. அரசுப் பள்ளிகள் படிப்படியாக மாறி 2024-25-இல் முழுவதுமாக சி.பி.எஸ்.இ.க்குப் போயின. ஆகவே நாற்பது வயதுக்காரர் ஒருவர் தான் மாணவராகப் படித்த புத்தகம் வேறு, இப்போது தேர்வுக்குப் படிக்க வேண்டிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வேறு. பழைய நினைவு பாதி உதவும், பாதி குறுக்கே நிற்கும். அப்படிக் குறுக்கே நிற்பதற்கு உளவியலில் முன்னோக்குத் தடை என்று பெயர். அதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

இனி முறைக்கு வருவோம். நாம் 'படிச்சாச்சு' என்று சொல்வது பெரும்பாலும் 'வாசிச்சாச்சு' என்பதைத்தான். மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்தின் எந்த மூலையில் பியாஜேயின் நான்கு நிலைகள் அச்சாகியிருக்கின்றன என்பதுகூடத் தெரியும். அந்த வழுக்கலை மூளை 'தெரியும்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. ஏமாற்றம் தொடங்குவது அங்கேதான்.

2006-இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்று அமர்வுகளிலும் தாளை எடுத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு 83 விழுக்காடும் எழுதிய குழு 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தன. வாசிப்பே வென்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு 40-க்கு விழுந்திருந்தது. எழுதிய குழு 61-இல் நின்றது. 'ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு அமர்வுகளிலும் வாசித்தவர்கள்தான்.

நினைவு நாம் எண்ணுவதுபோல் பீரோவில் வைத்த துணி அல்ல. எடுக்கும்போதெல்லாம் அது மாறுகிறது. மறந்துபோன ஒன்றைத் தட்டுத்தடுமாறி மீட்கும்போது அந்தத் தடுமாற்றமே அடுத்த முறைக்கான வழியை உறுதியாக்குகிறது. திரும்ப வாசிப்பதில் தடுமாற்றம் கிடையாது. அதனால் வலுவும் கிடையாது. 2013-இல் ஜான் டன்லாஸ்கி தலைமையில் ஒரு குழு பத்துப் படிப்பு முறைகளை ஆய்வுகளோடு ஒப்பிட்டது. மையால் கோடிடுவது, திரும்ப வாசிப்பது இரண்டும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது இரண்டும் முதல் வரிசையில் நின்றன.

இதில் நமக்கு வியப்படைய என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பாடம் கேட்கும் முறையைப் பற்றி நன்னூல் தரும் பட்டியலைப் பாருங்கள்: கேட்டதை நினைத்துப் பார்ப்பது, ஒத்த மாணவரோடு சேர்ந்து பயில்வது, வினவுவது, வினவினால் விடை சொல்வது. பாடத்தைப் போற்றுவதும் அதில் உண்டு. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி உள்ளே போனதை வெளியே எடுக்கும் வேலைதான். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்ததும் அதே வேலை. ஒப்பித்தலை நாம் 'மனப்பாட முறை' என்று கேலி செய்து ஒதுக்கினோம். பொருள் புரியாமல் ஒப்பித்தது குறைதான். ஒப்பித்தது குறை அல்ல. எபிங்ஹாஸே பைரனின் கவிதை அடிகளை மனப்பாடம் செய்து பார்த்து, பொருளுள்ளதைப் பதிக்கப் பொருளற்ற அசைகளுக்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று குறித்திருக்கிறார். புரிந்துகொண்டு ஒப்பிப்பதற்கு ஈடு எதுவும் இதுவரை தெரியவில்லை.

நடைமுறையில் இது மிக எளியது, செலவும் இல்லை. வைகாட்ஸ்கி பற்றி இரண்டு பக்கம் வாசித்தால் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். குழந்தை தானாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில் உள்ள பகுதியைப் பற்றி ஏதோ வரும், பெயர் வராது. வராதபோது ஒரு நிமிடம் திணறுங்கள். பிறகு திறந்து பாருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனையும். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களில் வெள்ளைத்தாள் வைத்திருப்பவர் யார், மஞ்சள் பேனா வைத்திருப்பவர் யார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இடைவெளி பற்றியும் கொஞ்சம் எண்கள். 2008-இல் நிக்கோலஸ் செபேடாவும் சகாக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஒரு பாடத்தை முதலில் படிப்பதற்கும் திரும்பப் பார்ப்பதற்கும் எவ்வளவு இடைவெளி விட்டால் நல்லது என்று சோதித்தார்கள். விடை தேர்வுத் தேதியைப் பொறுத்தது. தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தால் அந்தக் காலத்தின் 20 முதல் 40 விழுக்காடு, அதாவது ஒன்றரையிலிருந்து மூன்று நாள். ஓராண்டு இருந்தால் 5 முதல் 10 விழுக்காடு, அதாவது மூன்றிலிருந்து ஐந்து வாரம். நான்கு மாதம் கையில் இருப்பவர் இன்று படித்த சூழ்நிலையியலை நாளைக்கே திரும்பப் பார்ப்பதைவிட இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குள் பாதி மறந்திருக்குமே என்றால், ஆமாம், மறந்திருக்க வேண்டும். கொஞ்சம் மறந்தபின் மீட்பதில்தான் பலன் இருக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், படித்துவிட்டுத் தூங்கியவர் படித்துவிட்டு விழித்திருந்தவரைவிடக் குறைவாக மறக்கிறார் என்று காட்டிவிட்டார்கள்.

கணக்குக்கு வேறு ஒரு தந்திரம். கைடுகள் கணக்கை அத்தியாயமாகப் பிரித்திருக்கும்: சுற்றளவு முப்பது கணக்கு, பிறகு பரப்பளவு முப்பது, பிறகு கன அளவு முப்பது. ஒரே வகையை அடுக்கடுக்காகப் போடும்போது கை தன்னால் ஓடும். 2007-இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கன அளவுக் கணக்குகளை வகைவகையாகவும் இன்னொன்றுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைப்படுத்திப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் பிரிவு 20, இரண்டாம் பிரிவு 63. காரணம் எளிது. வகைப்படுத்திய பயிற்சியில் சூத்திரத்தைப் போடக் கற்கிறோம். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கக் கற்பதில்லை. தேர்வில் கேள்விக்கு மேல் 'இது பரப்பளவு' என்று தலைப்புப் போட்டுத் தருவதில்லை.

"எல்லாம் படிச்சுட்டேன் சார், ஆனா கேள்வியப் பாத்தா ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கிறேன்." டெட் எழுதியவர்களிடம் பேசினால் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். இதில் அறிவியல் இருக்கிறது. பல தெரிவுக் கேள்வி ஒரு விசித்திரமான பொருள்: அது ஒரு சரியான விடையையும் மூன்று தவறான விடைகளையும் சமமான மரியாதையோடு கண்முன் வைக்கிறது. 2005-இல் ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் செய்த சோதனையில், பல தெரிவுத் தேர்வு எழுதியவர்களுக்குப் பின்னால் நினைவு கூடியது உண்மை. அதோடு, தாங்கள் தேர்ந்தெடுத்த தவறான தெரிவுகளைச் சரியென்றே நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. தேர்வு கற்பிக்கிறது, தவறையும் கற்பிக்கிறது. மருந்து, விடையை உடனே அல்லது சற்றுப் பின்னராவது சரிபார்ப்பதுதான். இதே ரோடிகர் 2008-இல் ஆண்ட்ரூ பட்லருடன் சேர்ந்து, சரிபார்த்தால் அந்தத் தவறு பெரும்பாலும் கரைகிறது என்று காட்டினார். இன்னொரு ஆறுதலும் உண்டு: மிக நம்பிக்கையோடு சொல்லித் தவறிய விடைகள்தான் திருத்தியபின் நன்றாகப் பதிகின்றன. வெட்கம் நினைவுக்கு நல்லது போலும்.

ஆகவே விடைக்குறிப்பு இல்லாத பழைய கேள்வித்தாளோடு உட்காருவதும், டெலிகிராமில் கைமாறும், யார் தயாரித்தார்கள் என்றே தெரியாத 'கீ'யை நம்பிப் பயிற்சி எடுப்பதும் ஆபத்து. ஒன்றில் திருத்தம் இல்லை. மற்றொன்றில் திருத்தமே தவறாக இருக்கலாம். தேர்வை நடத்தும் வாரியம் வெளியிடும் அதிகாரபூர்வ விடைக்குறிப்போடு பழைய தாள்கள் கிடைக்கும்போது வேறு எதற்கும் காசு கொடுப்பது எனக்குப் புரிவதில்லை.

இப்போது தொண்ணூறுக்கு வருவோம். கேள்விகள் 150, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு கிடையாது. பொதுப்பிரிவுக்கு 60 விழுக்காடு, அதாவது 90 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் சராசரியாக 37 அல்லது 38 வரும், கூடக்குறைய ஐந்து. கண்மூடித்தனமாக 90 வருவது நடக்கிற காரியமல்ல. ஆனால் 70 கேள்விக்கு விடை உறுதியாகத் தெரிந்து, மீதி 80-ஐ ஊகித்தால், அந்த 80-இல் நான்கில் ஒன்றாக 20 சேர்ந்து 90 ஆகிவிடும். தேர்ச்சிக்குப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. 65 தெரிந்தால் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். 75 தெரிந்தால் நூற்றுக்கு 87. 80 தெரிந்தால் நூற்றுக்கு 98-க்கு மேல். அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவே இருக்கும் பத்துக் கேள்விகள்தான் ஒருவருடைய தலையெழுத்தைத் திருப்புகின்றன. மறுபடி மறுபடி 84, 86 எடுத்து நிற்கிறவர்கள் 'ராசியில்லை' என்பார்கள். அவர்களுக்குத் தேவை இன்னொரு ஆண்டுப் படிப்பல்ல. ஐந்தாறு கேள்விக்கான பாடம். அது எந்தப் பாடத்தில் இருக்கிறது என்பதை மதிப்பெண் பட்டியலின் பிரிவுகள் சொல்லிவிடும்.

கணக்கு இவ்வளவு இணக்கமாக இருந்தால் எல்லாருமே தேறியிருக்க வேண்டுமே? 2012 ஜூலை 12-இல் தமிழ்நாட்டின் முதல் டெட்டை ஆறே முக்கால் லட்சம் பேர் எழுதினார்கள்; தேறியவர்கள் 2,448. அரை விழுக்காடுகூட இல்லை. முதல் காரணம் நேரம். அந்தத் தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கேள்விக்கு 36 நொடி. மொழிப் பகுதியில் ஒரு பத்தியை வாசித்து முடிக்கவே அது போதாது. அக்டோபரில் நடந்த துணைத் தேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். தேர்ச்சி ஏறக்குறைய 3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நேரம் இரட்டிப்பானதும் தேர்ச்சி பல மடங்கானது ஆசிரியர்களுடைய தகுதி மூன்று மாதத்தில் கூடியதால் அல்ல என்பது வெளிப்படை.

ஆனால் மூன்று மணி நேரத்திலும் 97 விழுக்காட்டினர் தேறவில்லை. அங்கேதான் இரண்டாம் காரணம். நான் மேலே போட்ட கணக்கு, தெரியாத கேள்வியில் நான்கு தெரிவும் சமம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் கேள்வி தயாரிப்பவர் அரைகுறையாகப் படித்தவரை இழுக்கும்படிதான் தெரிவுகளை வைப்பார். ஒன்றுமே தெரியாதவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. தவறாகத் தெரிந்தவருக்கு வாய்ப்பே இல்லை. திருத்தப்படாத ஒரு தவறான நினைவு, அறியாமையைவிடக் கால் மதிப்பெண் மலிவு. படிப்பின் கடைசி மாதத்தில் புதிய அத்தியாயம் சேர்ப்பதைவிட, மாதிரித் தேர்வுகளில் உறுதியாகக் குறித்துத் தவறிய கேள்விகளை ஒரு தனி நோட்டில் எழுதித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது லாபம் என்பது இதனால்தான்.

வயதைப் பற்றிக் கவலைப்படும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 1956-இல் வார்னர் ஷாய் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தது. கண்ணில் பட்டதை விரைந்து ஒப்பிடும் வேகம் இளமையிலிருந்தே மெல்லச் சரிகிறது. சொல்வளமும் மொழிப் புரிதலும் நடுவயதில்தான் உச்சத்துக்கு வருகின்றன. அறுபதுவரை பெரிதாகக் குறைவதுமில்லை. டெட்டில் 60 மதிப்பெண் இரண்டு மொழிகளுக்கு. ஐம்பது வயது ஆசிரியரின் பலம் அங்கே இருக்கிறது. புதிய பெயர்களையும் ஆண்டுகளையும் ஒட்டவைப்பதுதான் அவருக்குக் கடினம். அதற்கு வெள்ளைத்தாளும் இடைவெளியும் இளையவர்களுக்கு உதவுவதுபோலவே அவருக்கும் உதவும். அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், வேடிக்கையாக, தனக்கு நன்றாகத் தெரிந்த கற்பித்தல் பகுதிதான். 'வகுப்பில் ஒரு குழந்தை தவறான விடை சொன்னால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைச் சமாளித்த அனுபவம் ஒரு விடை சொல்லும். குழந்தை ஏன் அப்படி யோசித்தது என்று கேட்டறிய வேண்டும் என்ற பியாஜே வழி விடை வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. அதேபோல, ஒவ்வொரு குழந்தைக்கும் 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்' என்று தனிப் பாணி உண்டு, அதன்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹரால்ட் பாஷ்லர் குழு எழுதிவிட்டது. கைடில் அது இன்னமும் உயிரோடு இருக்கிறது. தேர்வறையில் அதை எதிர்த்து வழக்காட வேண்டாம்; கேள்வி எதிர்பார்ப்பதைக் குறித்துவிட்டு வரலாம்.

தேர்வறைக்குள் ஒன்று மிச்சமிருக்கிறது. 'முதலில் தோன்றியதை மாற்றாதே' என்று எல்லாப் பயிற்சி மையங்களிலும் சொல்லித் தருகிறார்கள். 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் சகாக்களும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய தடங்களை எண்ணினார்கள். தவறிலிருந்து சரிக்கு மாறியவை 51 விழுக்காடு, சரியிலிருந்து தவறுக்கு 25, மீதி தவறிலிருந்து இன்னொரு தவறுக்கு. மாற்றியதால் கிடைத்தது, இழந்ததைப்போல் இரு மடங்கு. ஆனால் மாற்றிக் கெட்ட விடை மனத்தில் பல ஆண்டுகள் உறுத்தும். மாற்றித் தேறிய விடை மறுநாளே மறந்துவிடும். அறிவுரை பிறந்தது அந்த உறுத்தலிலிருந்துதான். நம் தேர்வில் அழிப்பான் கிடையாது. ஓ.எம்.ஆர். தாளில் பந்துமுனைப் பேனாவால் ஷேடு செய்தது செய்ததுதான். சந்தேகமான கேள்விகளுக்கு வினாத்தாளின் ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, முழுத் தாளையும் முடித்தபின் திரும்பி வந்து, மனம் மாறினால் அங்கேயே மாற்றிக்கொண்டு, அதன்பிறகு வட்டத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி வைக்கும் பழக்கம் வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலேயே வந்திருக்க வேண்டும், கடிகாரத்தோடும் உண்மையான ஓ.எம்.ஆர். தாளின் நகலோடும். நகல் பத்துத் தாள் எடுக்க ஜெராக்ஸ் கடையில் இருபது முப்பது ரூபாய்க்கு மேல் ஆகாது.